லாசா ஆப்சோவா, ஷிட்சுவா?

கேள்வி: நாங்கள் நான்காவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் குடியிருக்கிறோம். கணவரும் நானும் பகலில் வேலைக்குப் போய்விடுவோம். மாமியார் வீட்டில் இருப்பார். அவருக்கு வயது 72, முழங்கால் வலியால் மெதுவாகத்தான் நடப்பார். மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என்னிடம் டியூஷன் படிக்க வருவார்கள். ஏழு வயது மகன் ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்கிறான். எங்களுக்கு ஒருவர் லாசா ஆப்சோ குட்டியையும் இன்னொருவர் ஷிட்சு குட்டியையும் காட்டினார்கள். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எது சாது, எது குறைவாகக் குரைக்கும், எதற்கு முடிப் பராமரிப்பு குறைவு? மகனுக்கு லேசான தும்மல் தொந்தரவு உண்டு. இவை முடி உதிர்க்காத நாய்கள், அலர்ஜி வராது என்கிறார்கள், உண்மையா? இரண்டையுமே வாங்கிவிடலாமே என்கிறான் மகன்.

கால்நடை மருத்துவரின் பதில்:

இரண்டு குட்டிகளும் உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நாய்களைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தெரிந்தது. 1933இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் நடந்த நாய்க் கண்காட்சியில், திபெத்திலிருந்து வந்த ஆப்சோக்களும் சீனாவிலிருந்து வந்த ஷிட்சுக்களும் ஒரே இனமாகக் கருதப்பட்டு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டன. அருகருகே நின்றபோதுதான், ஒரு கூட்டத்துக்கு மூஞ்சியும் காலும் சற்று நீளம், மறு கூட்டத்துக்கு இரண்டும் குட்டை என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதன் பிறகே அவை தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்த மூஞ்சியின் நீளம் முக்கியம். அதைவிட முக்கியமான இன்னொரு வேறுபாடு எந்த வரிசையில் நிறுத்தினாலும் தெரியாது. வாசல் மணி அடிக்கும்போதுதான் தெரியும்.

முதலில் குட்டியை அடையாளம் காணும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை விற்பதும், இரண்டும் கலந்த குட்டியைத் தனி இனம் என்று கொடுப்பதும் நான் அடிக்கடி பார்க்கும் விஷயங்கள். முகத்து முடியை இரண்டு கட்டைவிரலாலும் ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வளர்ந்த லாசாவுக்குக் கண்ணுக்கு முன்னால் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மூஞ்சி நீண்டிருக்கும். ஷிட்சுவுக்கு அது இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. குட்டியில் அளவுகள் சிறியவை என்றாலும் விகிதம் அப்போதே தெரிந்துவிடும். லாசாவின் கண் நடுத்தர அளவில் நீள்வட்டமாக இருக்கும். ஷிட்சுவின் கண் பெரியது, உருண்டையானது, ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்தது. ஷிட்சுவின் மூக்குத்தண்டின் மேல் முடி மேல்நோக்கி முளைத்து நாலாபக்கமும் விரியும், அதனால்தான் அதன் முகத்தைச் செவ்வந்திப் பூவுக்கு ஒப்பிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் லாசாவின் முடி சற்றுக் கடினமாகவும் கனமாகவும், ஷிட்சுவின் முடி மென்மையாகவும் இருக்கும். எடையை வைத்துப் பிரிக்க முடியாது. ஷிட்சு நாலிலிருந்து ஏழரை கிலோவும் லாசா ஐந்தரையிலிருந்து 8 கிலோவும் இருக்கும் என்பதால் பாதிக்கு மேல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடுகின்றன.

இனி வாசல் மணிக்கு வருவோம். திபெத்தில் மடங்களிலும் பெரிய வீடுகளிலும் வெளிக்காவலுக்குப் பெரிய உடம்புள்ள மாஸ்டிஃப் நாய்கள் இருந்தன. அவற்றைத் தாண்டி யாராவது உள்ளே வந்துவிட்டால் குரல் கொடுப்பது லாசாவின் வேலை. அதன் திபெத்தியப் பெயருக்கே குரைக்கும் சிங்கக் காவல் நாய் என்று பொருள் சொல்வார்கள். ஷிட்சு என்ற சீனப் பெயருக்கும் சிங்கம் என்றுதான் பொருள், ஆனால் அந்தச் சிங்கம் சீன அரண்மனையில் மடியில் படுத்திருந்த சிங்கம். காவல் அதன் வேலையாக இருக்கவில்லை. மனிதரோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் கழிந்தும் இந்த வேறுபாடு அழியவில்லை. இன உருவாக்கத்துக்கான அதிகாரபூர்வ வரையறைகளிலும், லாசா அந்நியரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும், ஷிட்சு எல்லோரிடமும் நட்பாகவும் நம்பிக்கையோடும் பழக வேண்டும் என்றுமே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்நியரைக் கண்டு பின்வாங்கும் லாசாவைக் கெட்ட நாய் என்று சொல்வது நியாயமில்லை. அது தன் வேலையைச் செய்கிறது.

என் பரிசோதனை மேசையில் இந்த வேறுபாட்டை நான் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஷிட்சுவை மேசையில் வைத்தால் பெரும்பாலும் வால் ஆடத் தொடங்கிவிடும். ஊசி போட்ட கையையே அடுத்த நிமிடம் நக்கும் ஷிட்சுக்களும் உண்டு. லாசா முதலில் அசையாமல் நின்று என் கையைப் பார்க்கும், பிறகு என் முகத்தைப் பார்க்கும், பிறகு தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கும். அந்த மூன்று பார்வையும் முடிவதற்குள் நான் அவசரப்பட்டுக் காதைத் தூக்கிப் பார்க்கப் போனால் உதடு மெல்ல மேலேறும். காத்திருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு லாசா அற்புதமான நாய் என்பது என் கருத்து. மனிதரின் மனநிலையை அது கவனிக்கும் நுணுக்கம் ஷிட்சுவிடம் அவ்வளவாக இல்லை. ஆனால் தினமும் மாலையில் பன்னிரண்டு பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே ஓடி வரும் வீட்டில், அந்த மூன்று பார்வைக்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

குரைப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. லாசாவின் காது கூர்மையானது, குரல் அதன் உடம்பை மீறியது; லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம், பக்கத்து வீட்டுச் சாவிச் சத்தம் எல்லாவற்றுக்கும் அது ஓர் அறிவிப்புக் கொடுக்கும். ஷிட்சுவும் குரைக்கும், குரைக்காத நாய் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் விளையாட்டுக்கோ கவனத்தை ஈர்க்கவோ குரைக்கும், வந்தவரை முகர்ந்து பார்த்ததும் அடங்கிவிடும். லாசாவையும் பழக்கலாம். குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில் பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் இனிமையான முறையில் அறிமுகப்படுத்தினால் அதன் எச்சரிக்கை உணர்வு பயமாகவோ கடியாகவோ மாறாது. தடுப்பூசிகள் முடியாத நாட்களில் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர் மெதுவாக நடக்கும் ஒரு பெரியவர் மட்டுமே என்கிற நிலையில், இந்தப் பயிற்சியை யார் செய்வது என்பதை நீங்கள்தான் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

இதுவரை படித்தவுடன் ஷிட்சுதான் என்று நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை அடிக்கோடிட்ட இடம், மொட்டை மாடிக்கு நேர் கீழே என்ற சொற்கள்.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் சூட்டை வெளியேற்றுகிறது. மூஞ்சி குட்டையான நாய்க்கு எலும்புதான் குறைந்திருக்கிறதே தவிர, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டைக்குள் தொங்கும், மூக்குத் துளைகள் சிலவற்றில் வெறும் கீற்றாகிவிடும். அதனால் சூட்டைத் தணிக்க அது மூச்சிரைக்கும் முயற்சியே அதற்குக் கூடுதல் சூடாகிவிடுகிறது. ஷிட்சு இந்தக் குழுவைச் சேர்ந்தது. மிகவும் தட்டையான முகமுள்ள பக், புல்டாக் அளவுக்கு மோசமில்லை என்றாலும், 1952இல் இங்கிலாந்தில் ஒரு வளர்ப்பாளர் அதைத் தட்டை முகமுள்ள பெகினீஸ் நாயுடன் ஒருமுறை கலந்ததையும், பிறகு வந்தவர்கள் பொம்மை முகத்தை விரும்பித் தேர்ந்தெடுத்ததையும் அதன் மூச்சில் நீங்கள் கேட்கலாம். லாசாவுக்கும் மூஞ்சி நீளமில்லைதான், ஆனால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர் அதற்குப் பெரிய உதவி.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. வெப்பத்தாக்கில் அது 41ஐத் தாண்டும்போது குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படத் தொடங்கும். என்னிடம் வந்தவற்றில் பல நாய்கள் வெயிலில் நடந்தவை அல்ல. கதவு சாத்திய, கூரை காய்ந்த அறையில் சும்மா படுத்திருந்தவை. ஆகவே ஷிட்சு வாங்குவதாக இருந்தால், நடுப்பகலில் உங்கள் வீட்டின் எந்த அறை குளிர்ச்சியாக இருக்கும், அந்த அறையிலேயே மாமியாரும் நாயும் இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அப்படி ஓர் அறை இல்லை, குளிரூட்டும் வசதியும் இல்லை என்றால் ஷிட்சு வேண்டாம் என்பதே என் பதில். அந்த நிலையில் சமாளிக்க வேண்டிய குரைப்போடு லாசாவே மேல். நடைப்பயிற்சி எந்த நாயானாலும் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் போடுங்கள். எப்போதாவது நாய் தள்ளாடினாலோ, ஈறு செங்கல் நிறமானாலோ, எச்சில் நூலாக ஒழுகினாலோ, உடனே தண்ணீர் ஊற்றி மின்விசிறியின் கீழ் படுக்க வையுங்கள். உடம்பு நன்றாக நனைந்து காற்றுப் பட்ட பிறகு மருத்துவமனைக்குக் கிளம்பினால் போதும். நனைக்காமல் ஈரத்துணி போர்த்தி மூடி எடுத்துவருவது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஷிட்சுவின் பெரிய கண்ணுக்குப் பள்ளம் ஆழமில்லை. முடியோ நகமோ நாற்காலிக் காலோ பட்டால் கருவிழியின் மேல் படலம் எளிதில் சிராய்த்துவிடும். ஒருமுறை ஒரு குடும்பம், மூன்று நாளாகக் கண்ணில் நீர் வடிகிறது, துடைத்துத்தான் விடுகிறோம் என்று ஒரு ஷிட்சுவைக் கொண்டுவந்தது. அந்த நாய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சம் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சொட்டு ஆரஞ்சு நிறச் சாயம் விட்டு நீல விளக்கைப் பிடித்தபோது, கருவிழியின் நடுவே மிளகு அளவில் ஒரு வட்டம் பச்சையாகப் பளிச்சிட்டது. அந்த இடத்தில் படலம் அரித்துப் போயிருந்தது. அந்தக் கண் பிழைத்தது, ஆனால் தழும்பு தங்கிவிட்டது. நாய் கண்ணைச் சுருக்கினால் அதே நாளில் மருத்துவரைப் பாருங்கள், வீட்டிலுள்ள எந்தச் சொட்டுமருந்தையும் விடாதீர்கள்; ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் புண் இன்னும் ஆழமாகிவிடும். கண்ணீர் சுரப்பு குறைந்து கண் வறண்டுபோகும் நோய் லாசாவுக்கும் ஷிட்சுவுக்கும் பொது. கோழைபோல் கண்ணில் பீளை கட்டுவது அதன் அறிகுறி.

முடிப் பராமரிப்பில் எது குறைவு என்ற கேள்விக்கு, எதுவுமே குறைவில்லை என்றுதான் சொல்ல முடியும். இரண்டுக்கும் முடி நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும். உதிரும் முடி தரையில் விழாமல் மற்ற முடியோடு பின்னிக்கொள்வதால்தான் முடி உதிராத நாய் என்ற பெயர் வந்தது. அதாவது நீங்கள் பெருக்க வேண்டியதை நீங்களே சீப்பால் எடுக்க வேண்டும். மேலே பட்டுப்போல் பளபளக்கும் நாயின் காதுக்குப் பின்னால் விரலை விட்டால், கம்பளித் துண்டுபோல் ஒரு சடை கிடைக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் இன்னும் மோசமாக இருக்கும். பிரஷ் மேற்பரப்பில்தான் ஓடும். ஆகவே பிரஷ் போட்ட பிறகு உலோகச் சீப்பைத் தோல் வரை இறக்கி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால்தான் சிக்கு எடுத்ததாகக் கணக்கு. குளிப்பாட்டுவதற்கு முன் இதைச் செய்யாவிட்டால், நனைந்த சடை இறுகிவிடும், பிறகு மழிப்பதைத் தவிர வழியில்லை. பத்தாவது மாதம் முதல் ஒரு வயதைக் கடக்கும் வரை குட்டிமுடி பெரிய முடியாக மாறும் பருவத்தில் தினமும் சிக்கு விழும். பலர் மனம் தளர்வது அப்போதுதான்.

படத்தில் பார்க்கும் தரையைத் தொடும் முடியை மறந்துவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உடம்பெங்கும் ஓரிரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கத்தரித்து வைத்தால் இரண்டும் சுகமாக இருக்கும், உங்களுக்கும் ஒரு நாளுக்குப் பத்து நிமிடம் சீப்பு போதும். தோல் தெரிய மழிக்க வேண்டாம், வெயில் தோலைச் சுடும். சிறு சலுகை ஒன்று லாசாவுக்கு உண்டு: அதன் முடி கடினமானது என்பதால் சிக்கு விழும் வேகம் சற்றுக் குறைவு. ஷிட்சுவுக்கு முகத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டிய வேலை கூடுதல்.

அலர்ஜி இல்லாத நாய் என்று ஒன்று கிடையாது. தும்மலை உண்டாக்கும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோல் செதிளிலும் சிறுநீரிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமக்கும் வண்டி மட்டுமே. முடி குறைவாக உதிரும் வீட்டில் அவை கொஞ்சம் குறைவாகப் பறக்கலாம், அவ்வளவுதான். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன், அதே இனத்தைச் சேர்ந்த வளர்ந்த நாய் இருக்கும் வீட்டில் மகனை இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஓரிரு மணி நேரம் விளையாடவிடுங்கள். இளைப்புச் சத்தமோ கண் அரிப்போ வந்தால் அவனுடைய மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

மற்ற நோய்களில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. முழங்கால் சில்லு நழுவுதல், முதுகுத்தண்டு டிஸ்க் பிதுங்குதல், பிறவியிலேயே வளர்ச்சி குறைந்த சிறுநீரகம், சிறுநீர்க் கல் ஆகியவற்றை இரண்டிலும் பார்க்கிறேன். சிறிய தாடையில் எல்லாப் பற்களும் நெருக்கியடித்து முளைப்பதால் ஷிட்சுவுக்குப் பல் தொந்தரவு சீக்கிரம் வரும்; பால்பல் விழாமல் நிற்கிறதா என்று ஆறாவது மாதத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டுமே 12 முதல் 15 ஆண்டு வாழக்கூடியவை. அதாவது உங்கள் மகன் கல்லூரி முடிக்கும்போதும் இந்த நாய் வீட்டில் இருக்கும், வயதாகியிருக்கும், அப்போது அதற்குச் சீப்புப் போடப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு சொல். வயதானவர்கள் நாய் கடித்து விழுவதைவிட நாய் மேல் தடுக்கி விழுவதே அதிகம் என்பது என் அனுபவம். ஷிட்சு நிழல்போல் காலடியிலேயே வரும் நாய். சமையலறையில் திரும்பும்போது சரியாகப் பின்னால் படுத்திருக்கும். அதன் ஹார்னஸில் ஒரு சிறு மணியைக் கட்டிவிடுங்கள். அது மலம், சிறுநீர் கழிக்கப் பழகவும் மற்ற நாய்களைவிட நாளாகும். நான்கு மாடி இறங்கி ஓட அவரால் முடியாது என்பதால் பால்கனியிலோ குளியலறையிலோ உறிஞ்சு விரிப்பு போட்டு ஒரே இடத்தில் பழக்குங்கள். லாசா இதைச் சற்று விரைவில் பிடித்துக்கொள்ளும், ஆனால் மழை பெய்தால் போகமாட்டேன் என்று நிற்கும் பிடிவாதமும் அதனுடையதே. மகனுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தரையில் உட்கார்ந்துதான் நாயை மடியில் வைக்க வேண்டும், நின்றுகொண்டு தூக்கக் கூடாது. சிறு நாயின் முன்னங்கால் எலும்பு முறிவதற்கு ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் இடுப்பு உயரம் போதும்.

ஆகவே, நடுப்பகலில் குளிர்ந்த ஓர் அறை உங்களிடம் உண்டு என்றால், உங்களுக்கு நான் சொல்வது ஷிட்சு. அதிலும் குட்டியைவிட, ஏதோ காரணத்தால் வேறு வீடு தேடப்படும் இரண்டு மூன்று வயது நாயைப் பாருங்கள் என்பேன். அந்த வயதில் அதன் மூச்சு எப்படி, பிள்ளைகளிடம் எப்படி என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். குட்டியில் எல்லாமே ஊகம். குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாயை நேரில் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். தாய் நாய் உங்களைக் கண்டு ஓடி ஒளிந்தால் குட்டியின் அழகில் மயங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். குட்டியின் மூக்குத் துளை வட்டமாகத் திறந்திருக்கிறதா, கீற்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அது தூங்கும்வரை காத்திருங்கள். வாய் மூடித் தூங்கும்போது சத்தமில்லாமல் மூச்சுவிடும் குட்டியை எடுங்கள். குறட்டை விடுகிறது, எவ்வளவு செல்லம் பாருங்கள் என்று விற்பவர் காட்டும் குட்டியை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டையும் வாங்கலாமே என்ற உங்கள் மகனின் யோசனைக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை. ஒரே வயதில் ஒன்றாக வளரும் இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்துவிடும். உங்கள் குரலைக் கவனிக்கப் பழகுவது தாமதமாகும், ஒன்று குரைத்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். முதல் நாய் சொன்னபடி கேட்டு, மகனும் ஒரு வருடம் முழுக்கத் தினமும் சீப்பை எடுத்தான் என்றால், அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். லாசாவைப் பற்றி மறுபடியும் பேசலாம்.